மின்கணக்கும் மக்கள் கணக்கே

(இணுவிலில் கமக்காரரும் தொழில்முறையாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மின்சாரத்தைப் பற்றிப் பேசுவதற்கு இணுவிலைப் போன்ற பொருத்தமான ஊர்கள் யாழ்ப்பாணத்தில் மிகச் சிலவே. ஆறில்லாத குடாநாடு நம்முடையது. மாரியிற் பெய்த மழை செம்மண்ணினூடாக இறங்கிச் சுண்ணாம்புக் கற்பாறையின் இடுக்குகளிலே தங்கியிருக்கின்றது. அந்நீரைக் கிணற்றின் வாயிலாக மேலே கொண்டுவந்தால் வெங்காயம் விளையும், புகையிலை தழைக்கும், மரக்கறி காய்க்கும். கொண்டுவராவிடில் செம்மண் வெறுமண்ணே. நம் பாட்டன்மார் துலா மிதித்து இறைத்தனர். தந்தைமார் மண்ணெண்ணெய் இயந்திரம் வைத்து இறைத்தனர். இன்று நம்மிற் பலர் ஆளியை அழுத்தி மோட்டரை இயக்கி இறைக்கின்றோம். ஆதலின் இந்நாளிலே பயிரின் உயிர் கிணற்று நீரில் மட்டுமன்றி, வீதியோரத்து மின்கம்பத்திலும் தங்கியிருக்கின்றது.

மின்சாரம் வேண்டும் என்று கேட்பதற்காக நாம் இன்று கூடவில்லை, அது வந்துவிட்டது. அம்மின்சாரத்தின் கணக்கு நமக்கு வேண்டும் என்று கேட்கவே கூடியிருக்கின்றோம். எந்த மின்மாற்றியில் எவ்வளவு சுமை ஏறியுள்ளது? எந்தக் கிராமத்தில் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் மின்சாரம் தடைப்படுகின்றது? கம்பியின் கடைசி வீட்டை எத்தனை வோல்ற்று அடைகின்றது? வழியிலே எவ்வளவு இழப்பாகின்றது? எங்கே புதிய கம்பி இழுக்கத் திட்டமிட்டுள்ளனர்? இவற்றுக்கான விடைகள் எங்கோ சில கோவைகளிலும் கணினிகளிலும் உள்ளன. அவை யாவரும் எடுத்துப் பார்க்கவும் பயன்படுத்தவும் கூடியவாறு திறந்து வைக்கப்படல் வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

மின்சாரம் நம்மூருக்கு எவ்வாறு வருகின்றது என்பதை முதலிற் சுருக்கமாக நோக்குவோம். தெற்கிலுள்ள நிலையங்களிற் பிறக்கும் மின்சாரம் 132,000 வோல்ற்று அழுத்தத்தில் வவுனியா, கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்து உபநிலையத்தை அடைகின்றது. அங்கே 33,000 வோல்ற்றாகத் தாழ்த்தப்பட்டு ஊர்களுக்குப் பிரிகின்றது. ஊரிலே, ட்ரான்ஸ்போமர் என்று நாம் வழங்கும் மின்மாற்றி அதனை மீண்டுந் தாழ்த்தி, 230 வோல்ற்றாக வீட்டுக்கும் தோட்டத்துக்கும் அனுப்புகின்றது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் நமது மோட்டர் நிற்கும்.

அக்கண்ணி அறுந்தால் என்ன நேரும் என்பதை உலகில் எவருக்கும் நாம் விளக்கலாம். போர்க்காலத்திலே குடாநாடு நாட்டின் மின்வலையினின்றும் துண்டிக்கப்பட்டது. 1990களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். குப்பி விளக்கொளியிற் படித்துப் பட்டம் பெற்ற பிள்ளைகள் இன்று இக்கூட்டத்திற் பொறியியலாளராகவும் மருத்துவராகவும் அமர்ந்திருக்கின்றனர். போர் 2009இல் முடிந்தபின், 2013ஆம் ஆண்டளவிலேயே உயரழுத்தக் கம்பி கிளிநொச்சியிலிருந்து மீண்டும் சுன்னாகத்தை எட்டியது. இத்துணை இழந்து பெற்ற ஒன்றின் கணக்கை அறியும் ஆவல் நமக்கு மிகுதியாக இருப்பதில் வியப்பில்லை.

கமக்காரருக்குக் கணக்கு எதற்கு என்று சிலர் வினவுவர். மோட்டரையே சான்றாகக் கொள்வோம். இந்நாட்டில் வீட்டுக்கு வழங்கப்படும் மின்னழுத்தம் 230 வோல்ற்று. அதற்கு மேலுங் கீழும் நூற்றுக்கு 6 வரை மாறலாம். அதாவது ஏறக்குறைய 216 முதல் 244 வரை இருக்கலாம். மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கெரியும் நேரத்திலே, மின்மாற்றியினின்றும் நெடுந்தொலைவிலுள்ள தோட்டத்தில் அது 207 வோல்ற்றாக இறங்கிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். இது பத்திலொரு பங்குக் குறைவுதான். ஆனால், மோட்டர் சுழலத் தொடங்கும் வலு அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அவ்வலு ஐந்திலொரு பங்களவு குறைந்துபோம். அதே வேலையைச் செய்ய மோட்டர் கூடுதலான மின்னோட்டத்தை இழுக்கும், சுருள் சூடேறும், நாளடைவிற் கருகும். கமக்காரர் மோட்டரைக் குறை கூறுவார். கடைக்காரர் கமக்காரரைக் குறை கூறுவார். சுருள் சுற்றுபவருக்கு மட்டும் வேலை கிடைக்கும். உண்மையான குற்றம் கம்பியின் நீளத்திலோ மின்மாற்றியின் சிறுமையிலோ இருக்கலாம். அதனைக் காட்டவல்லது எண் ஒன்றே. அவ்வெண் ஊராரின் கைக்கு வந்தால், கருகிய மோட்டரைச் சுமந்துகொண்டு அலைவதற்குப் பதிலாக, இன்ன மின்மாற்றியை மாற்றுக என்று எழுத்திற் கேட்கலாம்.

தொழில்முறையாளருக்கும் இதிற் பங்குண்டு. கூரையிற் சூரிய ஒளித் தகடு பொருத்தி மின்சாரத்தைத் திரும்ப விற்கும் வழி இந்நாட்டில் 2016க்குப் பின் விரைந்து பரவியது. ஒரு மின்மாற்றி ஏற்கக்கூடிய சூரிய மின்சாரத்துக்கு எல்லையுண்டு. அவ்வெல்லை எவ்வளவு, அதில் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பது வெளிப்படையாகத் தெரிந்தால், கடன்பட்டுத் தகடு வாங்குமுன் ஒருவர் தம் நிலைமையை அறிந்துகொள்ளலாம். தெரியாவிடில், விண்ணப்பித்துக் காத்திருந்து, இடமில்லை என்ற விடையை இறுதியிற் பெறுவர். 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது, மின் தேவை குறைந்ததால், கூரைத் தகடுகளைப் பகலிலே நிறுத்திவைக்குமாறு நாடு முழுவதும் வேண்டுகோள் விடுக்கப்பட்டதை நாம் அறிவோம். எங்கே மிகுதி, எங்கே குறைவு என்ற கணக்கு ஊர்தோறும் தெரிந்திருப்பின், மிகுந்த பகல் மின்சாரத்தைத் தோட்ட இறைப்புக்குத் திருப்பும் வழியை இங்குள்ள பொறியியலாளரே வகுத்துத் தரலாம். பகல் வெயிலும் பகல் இறைப்பும் ஒன்றுக்கொன்று பொருந்துவன அன்றோ? தாய்மாரும் சேய்களும் நெடுங்காலமாக நம்பிவந்த நம்மூர் மக்லியொட் மருத்துவமனை போன்ற இடங்களுக்கும் தடைநேரக் கணக்கு வெறும் புள்ளிவிவரமன்று. மாற்று இயந்திரத்துக்கு எவ்வளவு எண்ணெய் சேமிக்கவேண்டும் என்பதற்கு அதுவே அளவுகோல்.

இனி, வெளியிடப்படுவன யாவை என்பதை நேர்மையுடன் கூறவேண்டும். யாவும் மூடிவைக்கப்பட்டுள்ளன என்று சொன்னால் அது பொய்யாகும். இலங்கை மின்சார சபை ஆண்டுதோறும் புள்ளிவிவரத் தொகுப்பு வெளியிட்டு வந்துள்ளது. நாட்டின் மின்னுற்பத்தி எவ்வெவ்வழிகளில் எவ்வளவு என்ற கணக்கும் வெளிவந்துள்ளது. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, கட்டணம் மாற்றப்படுமுன் மக்கள் கருத்தைக் கேட்கின்றது. இவை நல்லன. ஆயினும் இக்கணக்குகளிற் பெரும்பாலானவை நாடு, மாகாணம், பிரிவு என்ற உயரத்திலே நின்றுவிடுகின்றன, ஊர்வரை இறங்குவதில்லை.

சராசரி எவ்வாறு ஏமாற்றும் என்பதற்கு ஓர் எளிய கணக்குக் கூறுவோம். மின்துறையார் ‘சைடி’ என வழங்கும் அளவு ஒன்றுண்டு; ஒரு நுகர்வோர் ஆண்டொன்றிலே சராசரியாக எவ்வளவு நேரம் மின்சாரமின்றி இருந்தார் என்பதை அது கூறும். ‘சைபி’ என்பது எத்தனை முறை தடைப்பட்டது என்பதைக் கூறும். ஆயிரம் வீடுகளுள் தொள்ளாயிரம் வீடுகளுக்குத் தடையே இல்லை. கம்பியின் கடைசியிலுள்ள நூறு வீடுகளுக்கு 50 மணி நேரத் தடை என்று கொள்வோம். ஆயிரம் வீட்டுக்கும் பொதுவாகக் கணக்கிட்டால் வீடொன்றுக்கு 5 மணி நேரமே வரும். ஐந்து மணி என்று அறிக்கையில் அச்சாகும். ஐம்பது மணி நேரம் இருளிலிருந்த நூறு வீடுகளும் அவ்வெண்ணுக்குள்ளே மறைந்துபோம். தோட்டங்கள் பெரும்பாலும் கம்பியின் கடைசியிலேயே உள்ளன. ஆதலின் மாகாணச் சராசரி கமக்காரருக்குக் கண்ணாடியாகாது, திரையாகும்.

திறந்த கணக்கினால் விளையும் பயனுக்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே நாடெங்கும் முறைவைத்து மின்வெட்டு நிகழ்ந்தது. மார்ச் மாத இறுதியில் அது நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை சென்றது. அக்கொடுமையின் நடுவேயும், ஊர்களை எழுத்துக்களாற் பிரித்து, எப்பிரிவுக்கு எப்பொழுது வெட்டு என்ற அட்டவணை வெளியிடப்பட்டது. அதனைப் பார்த்தே கமக்காரர் இறைப்பு நேரத்தை வகுத்தனர். அரைவை ஆலையார் மாவரைத்தனர். மாணவர் படிப்பு நேரத்தை மாற்றினர். துன்பம் நீங்கவில்லை, ஆயினும் தாங்கும் வழி கிடைத்தது. நெருக்கடியில் இயன்றது அமைதிக் காலத்தில் ஏன் இயலாது?

கட்டண விடயத்தையும் நோக்குவோம். 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் நூற்றுக்கு 66 ஏறியது. 2024 இறுதியிலே, அடுத்த ஆறு மாதங்களுக்குக் கட்டணத்தை மாற்றவேண்டா என்று சபை முன்மொழிந்தது. ஆணைக்குழு சபையின் கணக்கைப் பொதுமக்கள் முன் வைத்து, மாகாணந்தோறும் கருத்துக் கேட்டு ஆராய்ந்தது. முடிவில் 2025 ஜனவரியிலே கட்டணம் நூற்றுக்கு 20 குறைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் நூற்றுக்கு 15 மீண்டும் ஏறியது வேறு கதை. எண்கள் வெளியே வந்தால் அவற்றைச் சோதிக்கலாம். சோதித்தால் முடிவு மாறவுங் கூடும் என்பதே இங்கு நாம் கொள்ளும் பாடம்.

இதற்கு மறுபுறமான பாடம் நமது வேலிக்கு அப்பாலேயே உள்ளது. சுன்னாகத்து மின் நிலைய வளவைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரத்தை இணுவிலார் மறந்திருக்க முடியாது. நீரில் எண்ணெய் உண்டென்று ஓர் ஆய்வு கூற, அஞ்சத்தக்க மாசு இல்லையென்று மற்றோர் அறிக்கை கூற, குடிமக்கள் குடத்துடன் தண்ணீர் வண்டிக்குக் காத்துநின்றனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரலிலே நீதிமன்றம், அங்கு இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிறுவனத்தைப் பொறுப்பாளியாகக் கண்டு, பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. நீதி வந்தது; ஆனால் அது வருவதற்குள் எத்தனை மாரியும் கோடையும் கழிந்தன! கழிவெண்ணெயின் கணக்கும் நீர்ச் சோதனையின் கணக்கும் தொடக்கத்திலிருந்தே மாதந்தோறும் ஊரார் முன் வைக்கப்பட்டிருப்பின், கேடு முளையிலேயே தெரிந்திருக்கும். கணக்கு மறைந்த இடத்தில் நம்பிக்கையும் மறையும். அதன்பின் உண்மையைச் சொன்னாலும் நம்புவாரில்லை.

பிற நாடுகளின் அனுபவமும் நமக்குத் துணையாகும். இந்தியாவின் புனே நகரிலுள்ள பிரயாஸ் என்னும் அமைப்பு, வீடுகளிலே சிறு கருவிகளைப் பொருத்தி, நிமிடந்தோறும் மின்னழுத்தத்தைப் பதிந்து, யாவரும் பார்க்க வெளியிடும் முயற்சியை 2007இல் தொடங்கியது. மின் வாரியங்கள் இருபத்துநான்கு மணி நேர மின்சாரம் என்று அறிவித்த இடங்களிலும் உண்மை நிலை யாதென்பதை அக்கருவிகள் காட்டின. பிரித்தானியாவின் மின்துறை ஒழுங்குபடுத்துநர், 2021 முதல், கம்பி நிறுவனங்களின் தரவு யாவும் திறந்தது என்றே கொள்ளப்படல் வேண்டும். மூடவிரும்பினால் நிறுவனமே காரணங் காட்டல் வேண்டும் என்று விதித்தது. தமிழ்நாட்டின் நிலையோ எதிர்மாறான எச்சரிக்கை. அங்கே கமக்காரருக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இலவச மின்சாரம் வழங்கப்படுகின்றது. அது பெரும் உதவியே. ஆனால் இலட்சக்கணக்கான பம்புசெட்டுகளுக்கு மீற்றர் இல்லாமையால், வயலுக்குச் சென்றது எவ்வளவு, வழியில் இழந்தது எவ்வளவு என்பது மதிப்பீட்டளவிலேயே நின்றது. அளக்காத இடத்திலே இழப்பின் பழியும் உழவன் தலையில் விழும். நமக்கு மீற்றர் உண்டு. வேண்டியது அவற்றின் கூட்டுத்தொகையை ஊர்வாரியாக வெளியிடும் மனமே.

இக்கோரிக்கைக்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பாதுகாப்புக்கு ஊறு என்பர் சிலர். மின்கம்பமும் மின்மாற்றியும் காங்கேசன்துறை வீதியாற் செல்லும் எவர் கண்ணுக்கும் தெரிவன. கட்டுப்பாட்டு நிலையத்தின் திறவுகோலை எவரும் கேட்கவில்லை. அது பூட்டியே இருக்கட்டும். தனிமனிதர் அந்தரங்கம் வெளிப்படும் என்பர் வேறு சிலர். இது மெய்யான அச்சம். எந்த வீட்டில் எத்தனை அலகு செலவாயிற்று என்பது அயலவர் அறியவேண்டியதன்று. ஆதலின் மின்மாற்றிவாரியான கூட்டுத்தொகை போதும். வீட்டுவாரியான கணக்கு வேண்டா. ஊழியருக்குச் சுமை என்பர் மற்றுஞ் சிலர். மழையிலும் இடியிலும் கம்பமேறும் ஊழியர்மீது நமக்குக் குறையில்லை. மின்மாற்றி சிறிதாயிருப்பது அவர் குற்றமுமன்று. மக்களின் ஏச்சை இன்று அவரே தனித்து ஏற்கின்றார். கணக்குத் திறந்திருப்பின், பணம் ஒதுக்காதவர் யார் என்பதும் தெரிய, அவர் சுமை இறங்கும்.

காலமும் நம்மைக் காத்திருக்க விடாது. 1969ஆம் ஆண்டின் சட்டத்தால் தோன்றிய மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிப்பதற்கு 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமும் 2025ஆம் ஆண்டின் திருத்தமும் வழி வகுத்தன. பிரிப்பது நன்றா தீதா என்பது வேறு வாதம். அதிலே இங்கிருப்போரிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு. எப்பக்கம் நிற்பவரும் உடன்படத்தக்கது ஒன்றுண்டு. பொதுச் சபையின் கோவையிலிருந்த கணக்கு, கம்பனியின் வணிக இரகசியமாக மாறிவிடக் கூடாது. வீடு மாறும் வேளையிலேதான் பழைய உறுதிகள் தொலைகின்றன. உரிமப் பத்திரங்களிலேயே, மின்மாற்றிவாரியான கணக்கை வெளியிடும் கடமை எழுதப்படல் வேண்டும் என்று இப்பொழுதே கேட்போம்.

கேட்பதற்குச் சட்டம் நம் கையிலுண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கின்றீர் என்று காரணங் கூறவேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுள் முடிவு கூறவேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். அரசு நூற்றுக்கு 25 அல்லது அதற்கு மேற்பட்ட பங்கு வைத்திருக்கும் கம்பனியும் இச்சட்டத்துக்கு உட்பட்டதே. அரசின் உரிமம் பெற்றுப் பொதுச்சேவை புரியும் தனியார் நிறுவனமும் அச்சேவையின் அளவுக்கு உட்பட்டதே. வணிக இரகசியம் என்ற காரணத்தையும் பொதுநலம் மேவிநின்றால் தள்ளிவிடச் சட்டத்தில் இடமுண்டு.

ஆகவே நாம் செய்யவேண்டியன சில. முதலாவதாக, ஊரின் ஒவ்வொரு மின்மாற்றிக்கும் ஒரு குறிப்பேடு வைப்போம்; தடைப்பட்ட நாள், தொடங்கிய நேரம், மீண்ட நேரம், மாலை ஏழு மணிக்கு மின்னழுத்தம் ஆகியவற்றை எழுதுவோம். அழுத்தம் அளக்கும் சிறு கருவியின் விலை, கருகிய மோட்டரைச் சுற்றும் கூலியிலும் குறைவே. மின்கம்பியைத் தீண்டாது, சுவரிலுள்ள செருகியில் மாட்டிப் பார்க்கும் கருவியே போதும். இரண்டாவதாக, தகவற் சட்டத்தின்கீழ் மின்மாற்றிகளின் கொள்ளளவு, உச்சச் சுமை, தடைநேரம், இழப்பு ஆகியவற்றை ஊர்வாரியாகக் கேட்போம். தாளில் படமெடுத்த பக்கங்களாகவன்றி, கணினியிற் கூட்டிக் கழிக்கக்கூடிய அட்டவணையாகவும், தமிழிலும் கேட்போம். மூன்றாவதாக, நமது வலிகாமம் தெற்குப் பிரதேச சபை அதனைப் பெற்று, அலுவலகச் சுவரிலும் நூலகங்களிலும் வைக்குமாறு வேண்டுவோம். நான்காவதாக, இங்குள்ள பொறியியலாளரும் கணக்காளரும் ஆசிரியரும் மாதத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, நமது குறிப்பேட்டையும் அவர்கள் தரும் அட்டவணையையும் ஒப்பிட்டு, கமக்காரருக்கு விளங்கும் மொழியிற் கூறுவார்களாக.

அன்பர்களே! பண்டைக்காலந்தொட்டே கிணற்றுப் பங்கு என்பது நம் ஊர்களில் உறுதியில் எழுதப்பட்ட உரிமை. எவருக்கு எந்நாளில் எத்தனை இறைப்பு என்பது பங்காளர் யாவர்க்குந் தெரியும். அது தெரிந்தபடியாலே வழக்குக் குறைந்தது. தெரியாத இடத்தில் வேலிச் சண்டை மூண்டது. மின்வலையும் ஒரு பெரும் பொதுக் கிணறே. அதன் பங்காளர் நாம். கட்டணம் செலுத்துபவரும் நாமே. பங்காளருக்குக் கணக்குக் காட்டுவது எவரும் செய்யும் தருமமன்று; கடமை. அக்கடமையை நினைவூட்டும் முதல் விண்ணப்பம் இவ்வாரமே இணுவிலிலிருந்து எழுதப்படுவதாக!